பிள்ளை இல்லாதவர் வீட்டுத் துணிக்கொடி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் கோபப்படக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை இடதுபக்கம் திரும்பச் சொன்னால் அவர் வைப்பரைப் போடுவார். அப்போதும் நான் "பரவாயில்லைங்க, நிதானமா" என்று சொல்ல வேண்டும். எனக்கோ பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம். நாள் முழுக்க அடக்கிவைத்ததை எங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவது? கல்யாணமான புதிதில் வீட்டுக் கதவும் ஜன்னலும் என்னிடம் நன்றாக அடி வாங்கின. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்பே அலறுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள், என் அலறலுக்கா மசிவாள்? ஒரு நாள் அழுக்குத் துணி நிறைந்த வாளியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"கோவம்தானே? இது மேல காட்டுங்க. சட்டையாவது வெளுக்கும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான்தான். வாஷிங் மெஷின் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பிழிவதற்கு மட்டும். கையால் அடித்துக் கசக்கினால்தான் எனக்கு மனசு ஆறும்.

தொழில் எனக்குக் கொடுத்த இன்னொரு சொத்து என் வலது கால். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து என்று தோன்றினால் மூளை யோசிப்பதற்கு முன்பே கால் அதை மிதித்துவிடும். காரில் என்றால் பரவாயில்லை. டிவியில் யாராவது படியில் தடுக்கினாலும் என் கால் வீட்டுத் தரையைத் தொப்பென்று மிதிக்கிறது. மனைவி சிரிப்பாள். மகள் சிரிக்க மாட்டாள், ஏனென்றால் அவளுக்கும் அதே கால்தான். பள்ளிக்கூடம் போய் வந்ததெல்லாம் என் பயிற்சிக் காரின் பின் சீட்டில். என் மாணவர்கள் வண்டி ஓட்டும் லட்சணத்தைப் பார்த்து நான் முன்னால் மிதிக்க, அவள் பின்னால் மிதித்து வளர்ந்தாள்.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். "போய்க் குளி" என்றால் "நேத்துதான் குளிச்சேன், இன்னைக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்பாள். காலேஜில் மார்க்கெட்டிங் எடுத்தாள். எதையாவது யார் தலையிலாவது கட்டுகிற படிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இல்லப்பா. ஜனங்களுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கிற படிப்பு."

"அதை ஜனங்களையே கேட்டா சொல்லிடுவாங்களே."

இதற்கு அவள் கொடுத்த பதில் சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகும் ஓயவில்லை.

கடைசி வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலைப் பயிற்சி எடுக்க வேண்டும். முடிவில் அங்கிருக்கும் மேலாளர் காலேஜுக்கு ஒரு வார்த்தை, "இந்தப் பெண் உருப்படியாக வேலை செய்தாள்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வருஷம் அம்போ, மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். அவளுக்கு சோப்பும் சலவைப் பவுடரும் செய்கிற பெரிய கம்பெனியிலேயே இடம் கிடைத்தது. தலை முதல் கால் வரை கண்ணாடி போட்ட கட்டடம். முதல் நாள் வாசலில் இறக்கிவிட்டபோது, இந்தக் கண்ணாடியையெல்லாம் யார் துடைப்பார்கள் என்றுதான் எனக்குக் கவலை.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கென்று அங்கே நாற்காலி கிடையாது. யார் லீவோ அவர் நாற்காலி. எல்லாரும் கடமையே கண்ணாக வந்துவிட்ட நாளில் பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, தாள் எடுக்க வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைப்பாள். பாக்கெட்டுக்கு எந்த நீலம் போடலாம் என்று ஒரு கூட்டம். இரண்டு நீல அட்டைகளை மாற்றி மாற்றிக் காட்டி, காலையில் ஆரம்பித்த பேச்சு சாப்பாட்டு வேளை வரை இழுத்ததாம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரிஞ்சுதுப்பா."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டிட்டேன்."

எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் வக்கீலா தலையாட்டினாள்?

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது அந்த அக்காவின் கதை. ஆபீஸ் சுவரில் ஒரு பெண்ணின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. சிரித்த முகம், இரண்டு பிள்ளைகள், சட்டையை அழுக்காக்கிக்கொண்டு வரும் கணவன். எல்லாரும் அவளை "நம்ம அக்கா" என்றுதான் சொல்கிறார்கள். "இந்த வாசனை நம்ம அக்காவுக்குப் பிடிக்குமா?" "இவ்வளவு நுரையை நம்ம அக்கா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் எல்லா முடிவும் எடுக்கிறார்கள். யார் அந்தப் புண்ணியவதி என்று விசாரித்தேன்.

"அப்படி ஒருத்தங்க கிடையாதுப்பா. வாங்கறவங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு கற்பனை பண்ணி வச்சிருக்காங்க."

"இல்லாத பொம்பளைக்குப் பிடிக்குமான்னா இத்தனை பேரு உக்காந்து மண்டையை உடைச்சுக்கிறீங்க?"

"அது ஒரு முறைப்பா. உங்களுக்குப் புரியாது."

புரியாமல் என்ன? எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததுதான் மிச்சம். அன்று வாளியில் இருந்த தலையணை உறை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பயிற்சி பாதி முடிந்தபோது மேலாளர் அவளைக் கூப்பிட்டார். அவரை இவள் மேடம் என்றுதான் சொல்வாள், நானும் அப்படியே சொல்கிறேன். கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்தாதவர். "நீ வர, போற, சிரிக்கிற. இதுவரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு கருத்து வந்து நான் கேட்டதில்லை. இப்படியே போனா உன்னைப் பத்தி நான் காலேஜ்ல என்னன்னு சொல்றது?" என்றாராம். வீட்டுக்கு வந்தவள் யாரோடும் வாதாடவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

இதற்கு நடுவில்தான் பவுடர் விவகாரம். கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குப் பாக்கெட் இலவசம். இவள் விசுவாசத்தில் கம்பெனி முதலாளியையே தோற்கடிப்பவள். இனி நம் வீட்டில் இந்தப் பவுடர்தான் என்று உத்தரவு போட்டாள். பிரித்து ஒரு கை எடுத்து வாளியில் போட்டேன், அவ்வளவுதான். அது என்ன வாசனையோ, மூக்குக்குள் நேராகப் போய் எதையோ கிள்ளியது. தும்மினேன் தும்மினேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து "என்ன ஆச்சு?" என்று கேட்கும் வரை தும்மினேன். ஏற்கெனவே முகம் வாடிக் கிடக்கிற பிள்ளையிடம் உன் கம்பெனிச் சரக்கு எனக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? கம்பெனிப் பவுடரைக் கொட்டிவிட்டு, வழக்கமாக வாங்கும் போட்டிக் கம்பெனிப் பவுடரை அதே பாக்கெட்டுக்குள் நிரப்பி அலமாரியில் வைத்துவிட்டேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"ஒரு நாள் வசமா மாட்டுவீங்க" என்றாள்.

மாட்டியது நான் மட்டும் இல்லை. கம்பெனியில் இவளுக்கு மார்பில் கம்பெனிப் பெயர் போட்ட வெள்ளை டி-ஷர்ட் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை நான் துவைத்தால் சும்மா பளிச்சென்று இருக்கும். ஒரு கூட்டத்தில் விற்பனைக்காரர் ஒருவர், நம் பவுடரில் காலர் அழுக்கு போவதில்லை என்று கடைக்காரர்கள் புலம்புவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எங்கள் வக்கீல் பயிற்சி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக எழுந்து நின்று, தன் டி-ஷர்ட் காலரைப் பிரித்துக் காட்டினாள். "எங்க வீட்டுல நம்ம பவுடர்லதான் துவைக்கிறோம்" என்றாளாம். கைதட்டினார்களாம். இதை அவள் கண் மின்ன மின்னச் சொன்னபோது நான் குடித்துக்கொண்டிருந்த டீ பாதி வழியில் நின்றுவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கைதட்டலுக்குப் பலன் கிடைத்தது. மேடம் அவளுக்கு முதல் உருப்படியான வேலையைக் கொடுத்தார். புது வாசனைப் பவுடர் கடைக்கு வருவதற்கு முன், யாராவது ஒருவர் வீட்டுக்கே போய், அவர்கள் துவைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது வழக்கம். அதற்கு ஒரு வீடு பிடிக்க வேண்டும். ஒரே நிபந்தனை, கம்பெனியில் இருப்பவர்களின் வீடாக இருக்கக் கூடாது. வீட்டார் என்றால் முகத்துக்காக நல்லதாகவே சொல்வார்களாம். மேடமே நேரில் வருகிறார். இது நன்றாக நடந்தால் காலேஜில் நல்ல வார்த்தை சொல்வார், சொதப்பினால் வருஷம் போச்சு. மகள் எங்கள் கீழ் வீட்டு அக்காவைப் பேசி ஏற்பாடு செய்தாள். சுவரில் இருக்கிற அக்காவைப் போலவே சிரித்த முகம், இரண்டு பிள்ளைகள். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

அந்த நாள் என் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். மனைவி ஆஸ்பத்திரியில். துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அக்கடா என்று உட்கார்ந்தேன். மகள் படியில் தடதடவென்று ஏறி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கீழ் வீடு பூட்டியிருக்குப்பா. அவங்க பையனுக்கு ஜுரமாம், அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களாம். மேடம் கார் தெருமுனைக்கு வந்துடுச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"இங்கதான் கூட்டிட்டு வரப்போறேன். அப்பா, கொஞ்ச நேரத்துக்கு நீங்க எனக்கு அப்பா இல்ல."

"என்னடி உளர்ற?"

"நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குப் பொண்ணு கிடையாது. பையனும் கிடையாது. யாருமே கிடையாது."

"உங்கம்மாவாவது இருக்காளா?"

"அம்மா இருக்கலாம்" என்று பெரிய மனசு பண்ணினாள்.

பேசிக்கொண்டே சுவரில் இருந்த படங்களைப் பிடுங்கினாள். தவழ்ந்தது, பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, எல்லாவற்றிலும் அவள்தான். கையில் திணித்து எங்காவது ஒளிக்கச் சொன்னாள். நான் அவசரத்தில் வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன். சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. ஏதோ கடன்காரன் ஜப்தி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

மேடம் வந்தார். கூடவே கையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் தொண்டையைக் கனைத்தாலும் தட்டிக்கொள்கிற ஒருவர். அவரை லேப்டாப்காரர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் என் சொந்த மகள், விருந்தாளி மாதிரி.

"வாங்க, உக்காருங்க" என்றேன். பழக்க தோஷம், மகளைப் பார்த்து, "நீ ஏன் நிக்கிற" என்று வந்துவிட்டது. "நிக்கிறீங்க மேடம், உக்காருங்க" என்று இழுத்து ஒட்டவைத்தேன். அவள் கண்ணாலேயே என்னை எரித்தாள்.

மேடம் கேட்டார். "உங்க வீட்டுல யாரு சார் துணி துவைக்கிறது?"

"நான்தாங்க."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "இன்னைக்கு இல்ல சார். வழக்கமா?" என்றார் லேப்டாப்காரர்.

"வழக்கமாவும் நான்தாங்க."

"வீட்டுல அம்மா இல்லையா?"

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா."

"அடடா, என்ன உடம்புக்கு?"

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அங்க வேலைங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம அக்காவுக்கு மீசை இருக்கும்னு நீங்க யாரும் என்கிட்ட சொல்லலையே" என்றார் லேப்டாப்காரரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார். "பிள்ளைங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் இருந்தேன். தெரிந்திருந்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரே அவள் குனிந்து தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பிள்ளை இல்லைங்க" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது, நெஞ்சு கேட்கவில்லை. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னவன் நான். லேப்டாப்காரர் நல்ல மனுஷன், "வருத்தப்படாதீங்க சார்" என்று ஆறுதல் வேறு சொன்னார். எனக்கு அவரை வாளியில் போட்டு ஊறவைக்க வேண்டும் போல் இருந்தது.

சரி, பிள்ளையே இல்லை என்று சொல்லியாகிவிட்டது, பவுடரையாவது தூக்கிப் பேசி அவளைக் கரையேற்றிவிடுவோம் என்று நினைத்தேன். மேடம் புது வாசனைப் பாக்கெட்டை நீட்டி, வழக்கம்போல ஒரு துணி துவைத்துக் காட்டச் சொன்னார். குளியலறை வாசலில் மூவரும் நின்றார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்தேன். எத்தனை நேரம் பிடிக்க முடியும்?

"ரொம்ப நல்ல வாச... ஹச்சு. மனசுக்கு அப்படியே... ஹச்சு... நிம்மதியா இருக்குங்க. வீட்டுக்கு ஒரு பாக்கெட் கட்டாயம்... ஹச்சு."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. லேப்டாப்காரர் "உணர்ச்சிவசப்பட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

மேடம் தட்டவில்லை. என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த பாக்கெட்டைக் காட்டி, "எங்க பவுடரைத்தானே தினமும் போடறீங்க? தினமும் இப்படித் தும்முவீங்களா?" என்றார். நான் பதிலை மென்று விழுங்குவதற்குள் அதை எடுத்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிவிட்டார். அவர்கள் பவுடரில் நீல மணிகள் இருக்குமாம். என் பவுடர் சுத்த வெள்ளை.

"இது நம்ம பவுடர் இல்லையே" என்றார்.

மகள் திருதிருவென்று விழித்தாள். பாவம், அவளுக்கே இது புதுச் செய்தி. லேப்டாப்காரர் பாய்ந்து வந்து முகர்ந்து பார்த்தார், நக்கிப் பார்க்காத குறை.

"மேடம், போலிச் சரக்கு. நம்ம பாக்கெட்டுல வேற எதையோ அடைச்சு விக்கறாங்க. சார், எந்தக் கடையில வாங்கினீங்க? கடை பேரைச் சொல்லுங்க. இப்பவே சட்டப் பிரிவுக்குப் போன் போடறேன்."

தெருமுனைக் கடைக்காரர் ஒரு வம்புதும்புக்கும் போகாதவர். என் தும்மலுக்காக அவர் கோர்ட் படி ஏறுவதா? "கடை... மறந்துபோச்சுங்க" என்றேன். "மிரட்டி வச்சிருக்காங்க மேடம்" என்று லேப்டாப்காரர் முடிவே கட்டிவிட்டார். சிக்னல் கிடைக்கவில்லை என்று போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அங்கே என் துணிக்கொடி.

திரும்பி வந்தபோது அவர் கையில் இன்னும் ஈரம் காயாத அந்த வெள்ளை டி-ஷர்ட் இருந்தது.

"மேடம், இங்க பாருங்க, நம்ம கம்பெனி டி-ஷர்ட். இது வெளியில யாருக்கும் கிடைக்காது. போலிப் பவுடர், திருட்டு டி-ஷர்ட். இங்க ஒரு கும்பலே இருக்கு."

தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. என் வலது கால் தரையை மிதித்திருந்தது. அதே நொடியில், அறையின் அந்தப் பக்கம், இன்னொரு வலது காலும் மிதித்திருந்தது.

மேடம் என் காலைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். பிறகு என் மூக்கை, அவள் மூக்கை, கடைசியில் சுவரில் இருந்த வெறும் ஆணிகளைப் பார்த்தார்.

"இவர் உனக்கு யாரும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். நான்தான் வழி போட்டுக் கொடுத்துவிட்டேனே, பிள்ளை இல்லை என்று. அவளுடைய வருஷம் முழுவதும் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"எங்க அப்பா" என்றாள்.

சொன்னதுதான் தாமதம், அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "பாக்கெட்டுக்குள்ள என்னத்தைப்பா போட்டீங்க?"

"நம்ம பழைய பவுடர்தான். உங்க பவுடர் போட்டா எனக்குத் தும்மல் வருதுடி."

"வந்தா சொல்ல வேண்டியதுதானே? கூட்டத்துல எழுந்து நின்னு காலரைக் காட்டினேனே நான்."

"நான் காட்டச் சொன்னேனா?"

"வீட்டுல உப்பு கம்மின்னாலும் கத்துவீங்க. இதுக்கு மட்டும் வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

எனக்கும் ஏறிவிட்டது. "நீ மட்டும் என்ன? வீட்டுல குளிக்கச் சொன்னாக்கூட வாதாடுவ. அங்க போய்த் தலையாட்டிட்டு வர. ரெண்டு நீலமும் ஒண்ணாதான் இருக்குன்னு என்கிட்ட சொன்னியே, அவங்ககிட்ட சொன்னியா?"

"எப்படிப்பா சொல்றது? உக்கார எனக்கு ஒரு நாற்காலிகூட இல்ல. நின்னுக்கிட்டே யாராவது கருத்து சொல்வாங்களா?"

"நாற்காலி இல்லையா?" என்றார் மேடம்.

வக்கீல் சுழன்று அவர் பக்கம் திரும்பினாள். எதிரே நிற்பது யார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "இல்ல மேடம். லீவுல போறவங்க நாற்காலிதான். சரி, அதை விடுங்க. ரெண்டு நீலமும் நிஜமாவே ஒண்ணுதான். அந்தச் சுவத்துல இருக்காங்களே அக்கா, அவங்க ஒரு நாளாவது தும்மியிருப்பாங்களா? எப்படித் தும்முவாங்க, அவங்களுக்கு மூக்கு வரைஞ்சதே நாமதானே. அவங்களைக் கேட்டுக் கேட்டு வாசனையை ஏத்திட்டோம். நிஜமா துவைக்கிறவர் இங்க கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு நிக்கிறாரு."

அப்போதுதான் தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடிச்சிட்டியா?" என்றார் மேடம்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். அப்புறமா சொல்றேன்."

"இத்தனை வாரமா இப்படிப் பேசற பொண்ணை எங்க ஒளிச்சு வச்சிருந்த நீ?"

எனக்குப் பாராட்டா திட்டா என்று பிடிபடவில்லை. மேடம் லேப்டாப்பை மூடச் சொன்னார்.

"இன்னைக்கு எழுதினது எல்லாத்தையும் அழிச்சிடுங்க. வீட்டார் கூடாதுன்னா கூடாதுதான்." பிறகு மகளிடம், "நீ பண்ணினது தப்பு, அதுல சந்தேகமே வேண்டாம். பயிற்சி முடிய இன்னும் நாள் இருக்கு. உன்னை யாருன்னே தெரியாத வீடா பாத்துப் போ. யாரு துவைக்கிறாங்க, யாரு தும்மறாங்கன்னு கேட்டுட்டு வா. தலையாட்டாம கேளு. கடைசியா ஒரு வீட்டுக்கு நானும் வருவேன். காலேஜுக்கு என்ன சொல்றதுன்னு அங்க வச்சு முடிவு பண்றேன்" என்றார்.

படி இறங்கும் முன் என்னைப் பார்த்துத் திரும்பினார். "சார், மெஷினோட மூடி சரியா மூடல. ஒரு சின்னப் பொண்ணு பல்லு இல்லாம எட்டிப் பாக்குது. எடுத்து மாட்டிடுங்க."

சாயங்காலம் மனைவி வந்து முழுக் கதையையும் கேட்டாள். "அப்போ எனக்கும் பிள்ளை இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டினாள். அவளே மாட்டியதால் எல்லாம் நேராக இருந்தன.

மறுநாளிலிருந்து வீடு வீடாக அலைந்தோம். பஸ்ஸில் போனால் கட்டுப்படியாகாது என்று பாடம் இல்லாத நேரத்தில் என் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டோம். அவளும் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், அதனால் அவள் ஓட்ட, நான் என் பிரேக்கோடு பக்கத்தில். கதவைச் சாத்தியவர்கள் உண்டு, விற்க வந்ததாக நினைத்து விரட்டியவர்கள் உண்டு. ஒரு வீட்டில் துவைப்பது மாமனார், இன்னொன்றில் காலேஜ் போகும் பையன். சுவரில் இருக்கும் அக்காவும் ஒரு வீட்டில் அகப்பட்டாள், ஆனால் எங்களிடம் பேச அவளுக்கு நேரமில்லை. தும்முகிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். ஒவ்வொருவர் தும்மும்போதும் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷம்.

கடைசி நாள் மேடம் சொன்னபடி வந்தார். பின் சீட்டில் அவர், ஓட்டுவது என் மகள். போன வீட்டில் ஒரு வயதான அம்மாள். மகள் அவரோடு குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்துகொண்டு, துருவித் துருவிக் கேட்டாள். அந்த அம்மாள் சுற்றி வளைத்தால் விடவில்லை, எடுத்த எடுப்பில் நல்லதாகச் சொன்னாலும் விடவில்லை. மேடம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரப் பெரியவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்களும் கம்பெனியா?"

"இல்லைங்க."

"டிரைவரா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"பிள்ளைங்க?"

மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

"ஒண்ணு. அதோ, உங்க வீட்டு வாளிக்குள்ள தலையை விட்டு மோந்து பாத்துக்கிட்டிருக்காளே, அவதான்."

வாளிக்குள்ளிருந்து தலை நிமிரவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தும்மல்" என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். அவள் தும்மவில்லை என்பது எனக்குத் தெரியும்.

திரும்பும்போது தெருவில் நல்ல நெரிசல். பின்னாலிருந்து மேடம் சொன்னார். "நாளைக்குக் காலேஜுக்குப் பேசிடறேன். நல்லா வேலை செஞ்சிருக்கான்னு சொல்லிடறேன், போதுமா?"

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவள் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன? எங்கள் வக்கீல் கண்ணாடி வழியாக மேடத்தைப் பார்த்தாள்.

"போதாது மேடம். அன்னைக்கே ஒண்ணு பாக்கின்னு சொன்னேனே. அந்தச் சுவத்துல இருக்கிற அக்காவைக் கழட்டணும். ஏன்னு சொல்றேன், கேளுங்க."

கையில் கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று என் வலது கால் தன்னால் நகர்ந்து பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. அவள் வாதாடிக்கொண்டே போனாள். வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் காலை எடுத்துவிட்டேன்.